டிரவுட் மீனுக்கு எந்தெந்த ஃப்ளைகளைக் கட்டக் கற்றுக்கொள்ளலாம்?

டென்வரில் இருக்கிறீர்கள், ஃப்ளை (தூண்டில் முள்ளில் நூலும் இறகும் கட்டிச் செய்யும் போலிப் பூச்சி) கட்டும்போது முள்ளைப் பிடித்துக்கொள்ளும் வைஸ் ஒன்று பரிசாக வந்திருக்கிறது, யூடியூபைத் திறந்தால் ஆயிரக்கணக்கில் பேட்டர்ன்கள், எதில் ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே ஊர்தான். ஆற்றடியில் தொலைக்கப்போவதைக் கட்டுங்கள், மேலே மிதப்பதைக் கடையில் வாங்குங்கள். அவ்வளவுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

டிரவுட் தன் சாப்பாட்டில் பெரும்பங்கைத் தண்ணீருக்கு அடியிலேயே முடித்துக்கொள்கிறது. எனவே நாமும் நிம்ஃபை (நீருக்கடியில் வளரும் இளம்பூச்சி; அதைப் போலக் கட்டும் ஃப்ளைக்கும் அதே பெயர்) தரையை ஒட்டி ஓடவிட வேண்டியிருக்கிறது. கல் இடுக்கிலோ முங்கிக் கிடக்கும் கிளையிலோ மாட்டி நூல் அறுவது அன்றாடம் நடப்பது. கடையில் ஒரு ஃப்ளை இரண்டு மூன்று டாலர். வீட்டில் கட்டினால் அதில் ஒரு பங்குதான் ஆகும். காசைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. போனால் போகட்டும் என்று நினைக்க முடியாத ஃப்ளையை யாரும் தரைவரை இறக்க மாட்டார்கள். நடுத்தண்ணீரிலேயே பத்திரமாக ஓட்டிக்கொண்டிருப்பார்கள். மீன் கீழே இருக்கும். மேலே மிதக்கும் டிரை ஃப்ளை அவ்வளவு சீக்கிரம் தொலையாது (கரையோர மரங்களுக்குக் கொடுக்கும் காணிக்கை தனிக்கணக்கு).

அடுத்து, எந்த ஆறு? டென்வர்க்காரர்கள் பெரும்பாலும் போவது சவுத் பிளாட் ஆற்றுக்கு, டெக்கர்ஸ் அல்லது அதற்கு மேலே உள்ள சீஸ்மன் கேன்யன் பக்கம். அணையிலிருந்து வரும் தண்ணீர் என்பதால் குளிர்காலத்திலும் உறையாமல் ஓடும், மீனும் வருடம் முழுக்கத் தின்றுகொண்டிருக்கும். ஆனால் தின்பதெல்லாம் பொடிப்பொடிப் பூச்சிகள். கடிக்காத கொசு மாதிரியான மிட்ஜ், அப்புறம் பேட்டிஸ் என்கிற சின்ன மேஃப்ளை. இந்த இரண்டையும் சமாளித்துவிட்டால் அந்த ஆற்றில் பெரும்பாலான நாட்களை ஓட்டிவிடலாம். ஓரத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். வயிற்றின் இருபக்கமும் செவுள் துடிக்க, வாலை ஆட்டிக்கொண்டு ஓடுகிறதே, அது மேஃப்ளை நிம்ஃப். உங்கள் முள்ளை அதன் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். எண் கூடக்கூட முள் சிறிதாகும். இங்கே 18 முதல் 22 வரை தேவைப்படும். நிறம் கொஞ்சம் முன்பின் இருந்தால் மீன் மன்னித்துவிடும், அளவு தப்பினால் பெரும்பாலும் மன்னிக்காது.

ஆகவே முதலில் மிட்ஜின் போலியான ஸீப்ரா மிட்ஜ். ஒரு முள், துளையுள்ள சின்ன உலோக மணி ஒன்று, கறுப்பு நூல், மெல்லிய வெள்ளிக் கம்பி. மணியை முள்ளில் கோர்த்து, கம்பியை மணிக்குப் பின்னாலிருந்து வளைவு வரை நூலால் சுற்றிக் கட்டுங்கள். திரும்பி மணியை நோக்கி வரும்போது உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்க வேண்டும். இங்கேதான் பலருக்கும் மேடும் பள்ளமுமாக வரும். காரணம், சுற்றச் சுற்ற நூல் முறுக்கேறி உருண்டையாகிவிடும். பாபினை (நூல்கண்டைப் பிடித்திருக்கும் கருவி) தொங்கவிட்டு எதிர்ப்பக்கமாக ஒரு சுழற்று சுழற்றினால் முறுக்குப் பிரிந்து நூல் தட்டையாகப் படியும். அப்புறம் கம்பியை இடைவெளி விட்டு ஐந்தாறு சுற்று, முடிச்சு, தீர்ந்தது. கறுப்பில் கை வந்ததும் சிவப்பு, ஆலிவ் நூல்களிலும் கட்டுங்கள்; புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

இரண்டாவது ஃபெசன்ட் டெயில். இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரித்துவந்த ஃபிராங்க் சாயர் உருவாக்கியது. அவர் நூலே பயன்படுத்தவில்லை. செம்புக் கம்பியும் ஃபெசன்ட் என்ற பறவையின் வாலிறகு இழைகள் சிலவும்தான். கம்பியே கட்டவும் செய்யும், எடையும் கொடுக்கும். நீந்தும் நிம்ஃப் காலை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும் என்பதைப் பார்த்துவிட்டுக் காலே வைக்காமல் விட்டார். அமெரிக்கக் கடைகளில் இருப்பதில் மயிலிறகு மார்பும் காலும் சேர்ந்திருக்கும். அழகாக இருக்கும், மறுக்கவில்லை. தொலைக்கப்போகிற பொருளுக்குச் சாயர் முறையே எனக்குப் போதும்.

மூன்றாவது ஆர்எஸ்2. 1970களில் ரிம் சங் இதே சவுத் பிளாட்டுக்காக உருவாக்கியது. இறக்கை விரியப்போகும் நேரத்தில் மேலே எழும்பி வரும் பேட்டிஸின் சாயல். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மேகமூட்டமான மதியங்களில் மழைக்குப் பிந்தைய ஈசல் மாதிரி பேட்டிஸ் கிளம்பும். அப்போது மற்ற இரண்டையும் கழற்றி வைத்துவிடலாம். இதில் இரண்டு வால் இழைகளையும் பிரித்து நிறுத்துவதற்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

மேலே மிதக்கும் பிரபலமான பாரஷூட் ஆடம்ஸைக் கட்டவே வேண்டாமா என்று கேட்பீர்கள். மூலமான ஆடம்ஸை 1922இல் மிச்சிகனில் லென் ஹாலடே கட்டினார். எந்த ஒரு பூச்சியையும் அப்படியே காப்பியடிக்காத அந்தச் சாம்பல் ஃப்ளை இன்றைக்கும் எல்லார் பெட்டியிலும் இருக்கிறது; பாரஷூட் வடிவத்தில் நானும் வைத்திருக்கிறேன், கடையில் வாங்கியது. ஹேக்கிளுக்கு (முள்ளைச் சுற்றிக் கட்டும் இறகு) நல்ல சேவல் தோல் ஒன்று வாங்கும் காசுக்கு ஆடம்ஸை டஜன் கணக்கில் வாங்கிவிடலாம். மிதக்கும் இன்னொரு ஃப்ளையான எல்க் ஹேர் கேடிஸும் அப்படியே. மான் முடி மேஜையெல்லாம் பறக்கும், வீட்டில் பேச்சும் கேட்க வேண்டிவரும். ஆரம்பப் பாடங்களில் கட்டாயம் வரும் வூலி பக்கர் என்ற ஃப்ளையைக் கைப்பழக்கத்துக்கு இரண்டு மூன்று கட்டினால் போதும்.

வேறு ஆற்றுக்குப் போனால் பட்டியலும் மாறும். ஜூனில் கன்னிசன் ஆற்றில் பெரிய சால்மன்ஃப்ளைப் பூச்சி வரும்போது ரப்பர் கால் வைத்த தடித்த நிம்ஃப் தேவைப்படும். கட்டுவது சுலபம், கல்லில் மாட்டுவதும் சுலபம். என் கணக்குப்படி அதுவும் கட்ட வேண்டிய பக்கம்தான்.

எல்லாம் சேர்ந்த கிட் வாங்காதீர்கள். பாதிப் பொருள் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சும்மா கிடக்கும். முதலில் 18ஆம் எண் முள், அதற்கேற்ற மணி, மேலே சொன்ன நூலும் கம்பியும் வாங்கினால் ஸீப்ரா மிட்ஜுக்குப் போதும். 22ஆம் எண்ணுக்கு அப்புறம் போகலாம். சீஸ்மன் கேன்யனில் பிடித்த மீனைத் திரும்ப விட வேண்டும் என்பது விதி. அதனால் முள்ளின் பின்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். அதையும் கட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். நசுக்கும்போது முள் உடைந்தால் வெறும் முள்ளோடு போகும்.