நல்லார்பர் சமவெளியில் ஒரு நாள் மோட்டார்ஹோம் பயணம்: கேள்வி பதில்

கேள்வி: ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலிருந்து நல்லார்பர் சமவெளி வழியாகப் பெர்த்துக்கு மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையல் வசதியுள்ள வண்டி) செல்கிறோம். செடூனாவில் காலையில் புறப்பட்டால் அன்றிரவே மடூராவை அடைந்துவிட முடியுமா, ஐயா?

பதில்: ஏறத்தாழ 680 கிலோமீட்டர் தொலைவு அது, முடியும், ஆனால் செய்யாதீர்கள். அந்தச் சமவெளியைக் கடக்கும் ஐர் நெடுஞ்சாலையில் ஒரு நாள் பயணத்தைக் கிலோமீட்டரால் அளப்பதைவிடப் பகல் வெளிச்சத்தால் அளப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. அந்தி சாயும் வேளையில் கங்காருக்கள் சாலையோரப் புல்லுக்கு வந்துவிடும். மூன்று நான்கு டன் எடையுள்ள வண்டியை அவற்றுக்காகச் சட்டென்று திருப்பினால் வண்டியே கவிழக்கூடும். முதல் இரவை நல்லார்பர் ரோடுஹவுஸில் (எரிபொருள், உணவு, தங்குமிடம் தரும் சாலையோர விடுதி) கழித்துவிட்டு, மறுநாள் ஏறத்தாழ 380 கிலோமீட்டர் ஓட்டி, சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே மடூராவில் வண்டியை நிறுத்துங்கள். மேற்கு நோக்கிச் செல்வதால் பிற்பகல் முழுவதும் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லையில் உணவுப் பொருள்களைப் பறிமுதல் செய்வார்களாமே? நாங்கள் மூன்று நாளுக்குச் சமைக்கக் காய்கறி வாங்கியிருக்கிறோம்.

பதில்: மாநில எல்லையிலுள்ள பார்டர் வில்லேஜில் மேற்கு ஆஸ்திரேலியாவின் தாவரப் பாதுகாப்புச் சோதனை உண்டு. பச்சைக் காய்கறி, பழம், தேன் ஆகியவற்றைக் கொண்டுசெல்ல இயலாது. என் முதல் பயணத்தில் அதிகாரி குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுவரை பார்த்து, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த கறிவேப்பிலைக் கொத்தையும் பாதி தீர்ந்த தேன் புட்டியையும் எடுத்துக்கொண்டார். மனம் வருந்தினாலும், அவர் செய்ததே சரி. ஒரு பழ ஈ போதும், அங்குள்ள தோட்டங்களைப் பாழாக்க. காய்கறிகளை நல்லார்பரிலேயே குழம்பாகவும் பொரியலாகவும் சமைத்துவிடுங்கள்.

கேள்வி: தண்ணீர்த் தொட்டியை வழியில் நிரப்பலாமா?

பதில்: அதை நம்பிப் புறப்படாதீர்கள். நல்லார்பர் சமவெளி சுண்ணாம்புக்கல்லால் ஆனது. மழைநீர் மண்ணுக்கடியில் இறங்கிவிடுவதால் மேற்பரப்பில் ஆறே இல்லை. செடூனாவில் முழுமையாக நிரப்பி, குடிநீரைத் தனிக் கேன்களிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, எதிரே வரும் பெரிய லாரிகளைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். எப்படி ஓட்டுவது?

பதில்: பல இழுவைப் பெட்டிகளைக் கோத்துக்கொண்டு வரும் அவற்றை ரோடு ட்ரெயின் என்பார்கள். எதிரில் வரும்போது அதன் முகப்பு தள்ளுகிற காற்று மோட்டார்ஹோமின் உயரமான பக்கச் சுவரில் அறைந்து வண்டியை இடப்புறம் தள்ளும். வால்பகுதி கடந்த அடுத்த நொடியில் அதே வண்டி நடுக்கோட்டை நோக்கி இழுக்கப்படும். இந்த இரண்டாவது இழுப்புதான் புதியவர்களைத் தடுமாற வைக்கிறது. இரு கைகளாலும் ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, வேகத்தைச் சற்றே குறைத்து, பிரேக்கைத் தொடாமல் செல்லுங்கள். கூரைச் சன்னலின் கொக்கியைப் புறப்படும் முன் சரிபாருங்கள்; நான் சரிபார்க்காத ஒரு காலையில், இப்படியொரு காற்றில் அதன் மூடி பிய்ந்து பறந்துவிட்டது.

எல்லையை அடுத்துள்ள யூக்லா என்ற சிற்றூரைக் கடந்ததும் சாலை மேட்டிலிருந்து தாழ்வான ரோ சமவெளிக்கு இறங்கும். மடூராவில் மீண்டும் ஏறும். இறக்கத்தில் கீழ் கியரில் செல்வதே நல்லது.

கேள்வி: யூக்லாவில் கடிகாரத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: ஆம். அங்குள்ளோர் பெர்த் நேரத்தைவிட 45 நிமிடம் கூடுதலான நேரத்தைப் பின்பற்றுகிறார்கள். ரோடுஹவுஸ் சமையலறை மூடும் நேரத்தை அந்தக் கணக்கில் கேளுங்கள்.

கேள்வி: கைபேசித் தொடர்பு இல்லாத இடத்தில் வண்டி நின்றுவிட்டால்?

பதில்: வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள்; நிழலும் தண்ணீரும் அதில்தான் இருக்கின்றன, தேடி வருபவர்களுக்கும் அதுதான் முதலில் தென்படும். யூஎச்எஃப் ரேடியோவின் (வண்டிக்கு வண்டி பேச உதவும் வானொலிக் கருவி) 40ஆம் அலைவரிசையில் லாரி ஓட்டுநர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். இருக்குமிடத்தைச் சொல்லி உதவி கேளுங்கள். சாலையின் சில பகுதிகளில் வெள்ளைக் கோடுகள் பட்டையாகத் தீட்டப்பட்டிருக்கும். அவை தொலைதூர இடங்களுக்கு விமானத்தில் சென்று சிகிச்சை தரும் ‘பறக்கும் மருத்துவர்’ சேவையின் விமானம் இறங்குவதற்கான ஓடுதளங்கள். வண்டி உருளும் நிலையில் இருந்தால், அந்தப் பகுதியைக் கடந்த பிறகே ஓரங்கட்டுங்கள்.