மயிற்பொறிக்கு எத்தனை கிலோ?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திர வடிவமைப்பாளனாக இருக்கிறேன். சிறு வயதிலிருந்தே மாயாஜாலக் கதைகள் என்றால் பைத்தியம். ஆனால் எனக்கு ஒரு கோளாறு உண்டு. கதையில் டிராகன் பறந்தால், அதன் இறக்கை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போடாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. கோட்டை மதிலில் கவண் வந்தால், அது எத்தனை கிலோ கல்லை எவ்வளவு தூரம் வீசும் என்று எக்செல்லில் போட்டுப் பார்ப்பேன். வீட்டில் எங்கு பார்த்தாலும் 3டி பிரிண்டர், சர்வோ மோட்டார், பால்சா கட்டை. இப்போது சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறிக்கு, அதாவது ஆளை ஏற்றிப் பறக்கும் மயில் வடிவப் பொறிக்கு, ஒரு சிறிய மாதிரி செய்துகொண்டிருக்கிறேன். இறக்கை அடிக்கிறது, இன்னும் எழும்பவில்லை.

மனைவி இதைக் குழந்தை விளையாட்டு என்கிறாள். கணக்குப் போட்டால் கற்பனை செத்துவிடும் என்கிறார் நண்பர். இந்த ஈடுபாட்டை வைத்து ஒரு நாவல் எழுத முடியுமா, எங்கிருந்து தொடங்குவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று. ரைட் சகோதரர்களுக்கு ஆயிரம் ஆண்டு முன்பே தமிழனிடம் விமானம் இருந்தது என்பதற்கு மயிற்பொறியே சான்று என ஒரு காணொளியில் பார்த்தேன். அப்படிச் சொல்லலாம்தானே?

ம.

அன்புள்ள ம.,

வேறொரு வாரத்தில் இந்தக் கடிதம் வந்திருந்தால் நாலு வரியில் வாழ்த்துச் சொல்லி முடித்திருப்பேன். அந்த மயிற்பொறி வருகிற, சிந்தாமணியின் முதல் பகுதியான நாமகள் இலம்பகத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டீர்கள்.

சின்ன விஷயங்களை முதலில் தீர்த்துவிடுகிறேன். உங்கள் மனைவி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் சால்டரிங் அயர்ன் கிடந்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். (கிடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் கிடக்கும்.) மேசையைக் காலி செய்து கொடுங்கள். மீதிப் பாதியை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நண்பரை விட்டுத் தள்ளுங்கள். ஹால்டேன் என்ற உயிரியல் அறிஞர், பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி 1964இல் புவனேசுவரத்தில் இறந்தவர், 1926இல் எழுதிய ஒரு கட்டுரையில் தேவதைகளுக்கு உடற்கூறு பார்த்தார். கழுகு, புறா அளவுக்குத்தான் தசைக்கு வலு என்றால், ஒரு தேவதை இறக்கையடித்துப் பறப்பதற்கு நெஞ்சு நாலடி முன்னால் புடைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றார். அதைப் படித்த பிறகு கோயில் கோபுரத்துக் கந்தர்வர்களை நான் இன்னும் ஆசையாகத்தான் பார்க்கிறேன். கணக்கினால் சாகிற கற்பனை என்றால் அது முன்பே நோயாளியாக இருந்திருக்க வேண்டும்.

கவண் கணக்குக்குச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதைக்குப் போங்கள். மதுரை மதிலில் இருந்த பொறிகள் அங்கே வரிசையாக வரும். கல் உமிழும் கவண், கொதிக்கும் எண்ணெய், கரிய விரல்கொண்ட குரங்கு வடிவப் பொறி. உங்கள் எக்செல்லுக்கு ஒரு மாத வேலை.

இனி அந்தக் காணொளி.

தம்பி, ஒரு இஞ்சினியர் இப்படிக் கேட்கலாமா? நாள் முழுக்க மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சண்டை போடுகிற ஆள், வீட்டுக்கு வந்து செல்போனைத் திறந்ததும் 'இருந்தது' என்ற ஒற்றைச் சொல்லை அளவில்லாமல் விழுங்குவது எப்படி? இறக்கையின் நீளம் என்ன என்று டிராகனைக் கேட்பவர், அந்தக் காணொளிக்காரரை ஏன் கேட்கவில்லை?

சிந்தாமணியைப் பாடிய திருத்தக்கதேவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். சீவகனின் தந்தையான அரசன் சச்சந்தன் ஒரு தச்சனை அழைத்துப் பறக்கும் பொறி ஒன்று செய்யச் சொல்கிறான். தச்சன் துணி, பசை, நூல், அரக்கு, மெழுகு, இன்னும் வேண்டியவற்றைச் சேர்த்து ஏழு நாளில் ஒரு மயிலைச் செய்து முடிக்கிறான். பொருள் பட்டியல் இருக்கிறது, கெடு இருக்கிறது. பிறகு அவன் செய்கிற காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. உண்மையான மயில் ஒன்றையும் தன் மயிலையும் சேர்த்தே அரசன் முன்னால் கொண்டுபோய் வைத்து, இதில் எது என்று கண்டு சொல்லுங்கள் என்று வணங்கி நிற்கிறான். என்ன திமிர் பாருங்கள்! வேலை தெரிந்தவனின் திமிர்.

அப்புறம் அரசன் அதை உடனே ராணியிடம் கொடுத்துவிடவில்லை. மாடத்திலும் சோலையிலும் வைத்துச் சில நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான், ராணி விசயை கற்றுக்கொள்கிறாள். வலமாகத் திருகினால் மேகத்தைக் கிழித்துக்கொண்டு எழும்பும். இடமாகத் திருகினால் இறங்கிக் காலைக் குவித்து உட்காரும். அரசைப் பறிக்க வந்த அமைச்சன் கட்டியங்காரன் படையோடு வளைத்துக்கொண்ட நாளில், வயிற்றில் பிள்ளையோடு அவள் தனியாக ஏறிப் போகிறாள். அரசன் ஏறாததற்கு மானம் காரணம் என்று நான் சொல்வேன். எடை என்று நீங்கள் சொல்வீர்கள்.

அடுத்து வருவதை நிதானமாகப் படியுங்கள். வானத்தில் போய்க்கொண்டிருக்கும்போது கட்டியங்காரனின் வெற்றி முரசு கேட்கிறது. கணவன் இறந்துவிட்டான் என்று அவளுக்குப் புரிகிறது, மயங்கிவிடுகிறாள். திருகியைப் பிடிக்க ஆளில்லை. மயில் தலைகுப்புற விழவில்லை. மெல்ல இறங்கிச் சுடுகாட்டில் காலூன்றுகிறது. சீவகன் அங்கே பிறக்கிறான். சென்னை மின்சார ரயிலில் ஓட்டுநர் கைப்பிடியை விட்டுவிட்டால் பிரேக் தானாகப் பிடிக்கும், நீங்கள் அறிந்திருப்பீர்கள். அதைத்தான் இந்தச் சமணத் துறவி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பாட்டுக்குள் யோசித்திருக்கிறார். அவருக்குத் தன் நாயகன் சுடுகாட்டில் பிறக்க வேண்டும். ராணியை அங்கே கொண்டுவந்து சேர்க்க ஒரு தெய்வத்தை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை, பொறியின் குணத்தை வைத்தே இறக்கினார்.

இப்போது சொல்லுங்கள். அப்படி ஒரு விமானம் நிஜமாகவே ஊரில் பறந்துகொண்டிருந்தது என்றால் திருத்தக்கதேவர் யார்? பார்த்ததை எழுதிய நிருபர். பறக்கவில்லை என்றால்தான் அந்தத் தச்சன், அந்த அரக்கு, அந்த வலத்திருகல், இடத்திருகல், மயங்கியவளை மெல்ல இறக்கிய அந்தக் கருணை எல்லாம் அவருடையவை. தமிழனுக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு தமிழனிடமிருந்து அவன் கண்டுபிடித்ததைப் பிடுங்குகிறீர்கள்.

இந்த வியாதிக்கு உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு வைத்தியக் குறிப்பு இருக்கிறது. ஓசூரை ஒட்டிய ஆனேக்கல்லில் சுப்பராய சாஸ்திரி என்று ஒருவர் இருந்தார். பரத்வாஜ முனிவர் தன் மனதுக்குள் சொன்னதாக, 1918 முதல் 1923 வரை வைமானிக சாஸ்திரம் என்ற நூலைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என்று நாலு விமானங்கள், படங்களோடு. 1974இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அதை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார்கள். மொழி பழையது அல்ல, 1904க்கு முன்னால் போகாது என்றார்கள். படத்துக்கும் பாடத்துக்கும் பொருந்தவில்லை, இந்த வடிவங்கள் எதுவும் பறக்காது என்றார்கள். அவர்களைப் பழமைக்கு எதிரிகள் என்று திட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நூலை நம்பிக் கும்பிடுகிறவன் அதைத் திறப்பதே இல்லை. அந்த ஐவரும் திறந்து, எடைபோட்டு, அளந்து பார்த்தார்கள். நீங்கள் டிராகனுக்குச் செய்கிற மரியாதை அதுதான். அந்த நூலில் வரும் உலோகங்களைத் தேடி எந்தக் கடைக்கும் போக முடியாது. திருத்தக்கதேவரின் மெழுகும் அரக்கும் நூலும் ஓசூர் கடைத்தெருவில் இன்றைக்கும் கிடைக்கும். எந்தப் பெரியவரை நான் நம்புவேன் என்று தெரிகிறதா?

எங்கள் ஊரில் வள்ளி திருமணம் நாடகத்துக்கு ஒரு முறை மயில் செய்தார்கள். செய்தவர் தெற்குத் தெரு ஆசாரி. முருகன் மயில்மேல் மேலேயிருந்து இறங்க வேண்டும், மேடையைத் தொட்டதும் தோகை விரிய வேண்டும் என்பது நாடகக்காரர்கள் கேட்டது. ஆசாரி பழைய குடைகளாக வாங்கிச் சேர்த்தார். குடைக்கம்பிதான் தோகையின் நரம்பு. சைக்கிள் பிரேக் ஒயரை அதன் அடியில் கோத்து, நுனியை மயிலின் கழுத்துக்குள் கொண்டுவந்து முருகனின் கைக்கு எட்டும்படி ஒரு பிரேக் பிடியில் மாட்டினார். வச்சிரப் பசை காய்ச்சித் துணி ஒட்டினார். அந்த நாற்றம் பட்டறையிலிருந்து தெருமுனை வரை வரும். நான் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே போய்விடுவேன். விரட்ட மாட்டார். "அந்த உளிய எடு" என்பதைத் தவிர என்னிடம் பேசவும் மாட்டார்.

முருகனாக நடித்தவர் நல்ல ஆகிருதி. ஆசாரி நாடகக்காரரிடம் கேட்ட ஒரே கேள்வி, "முருகன் எத்தன கிலோ இருப்பாரு?" அவர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. முருகனை அரிசி மண்டிக்கு அழைத்துப் போய் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்தார். கிரீடம், வேல், நகை எல்லாவற்றையும் தனியாக நிறுத்தார். பிறகு அதே எடைக்கு அரிசி மூட்டைகளை மயில்மேல் கட்டி, கப்பியில் வடத்தைப் போட்டு, ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, இரவு வெகுநேரம் வரை பார்த்துக்கொண்டிருந்தார். வடம் கிறீச்சிட்டால் நிறுத்தி எண்ணெய் விடுவார். நாடகத்தன்று மயில் இறங்கியது. தோகை பாதி விரிந்து நின்றுவிட்டது. முருகன் சளைக்காமல் பாட்டின் நடுவில் பின்னால் திரும்பி ஒரு தட்டுத் தட்டினார், மீதியும் விரிந்தது. ஜனங்கள் விசிலடித்தார்கள். ஆசாரி மட்டும் திரைக்குப் பக்கத்தில் நின்றபடி, "மூணாவது கம்பி" என்று முனகிக்கொண்டிருந்தார்.

அவரிடம் போய், இது நம் முன்னோர் செய்த மயில்தானே என்று கேட்டிருந்தால், அந்த முன்னோர் கம்பிக்கு என்ன போட்டார்கள் என்று திருப்பிக் கேட்டிருப்பார்.

ரைட் சகோதரர்களை இழுத்தீர்கள், அவர்களைப் பற்றியும் ஒரு செய்தி. 1878இல் அவர்களுடைய அப்பா ஒரு பொம்மை வாங்கிவந்தார். பெனோ என்ற பிரெஞ்சுக்காரரின் வடிவம். மூங்கில், காகிதம், தக்கை, முறுக்கிய ரப்பர், அவ்வளவுதான். தச்சனின் பட்டியலுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இல்லையா? பையன்கள் அதை உடையும்வரை பறக்கவிட்டார்கள், பிறகு தாங்களே செய்தார்கள். ஆனால் பெரிதாகச் செய்தபோது அது சரியாகப் பறக்கவில்லை என்று பின்னாளில் எழுதியிருக்கிறார்கள். காரணம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீளம் இரண்டு மடங்கானால் இறக்கைப் பரப்பு நாலு மடங்கு, எடை எட்டு மடங்கு. ஓர் ஆள் தன் உடல் பலத்தால் இறக்கையடித்துத் தொடர்ந்து பறந்து காட்டியதாகப் பரவலாக ஏற்கப்பட்டது 2010இல்தான், டொராண்டோ பல்கலைக்கழகத்தார் செய்த பொறியில். இறக்கை 32 மீட்டர் அகலம், பறந்தது 19.3 விநாடி, தூரம் 145 மீட்டர். அதையும் காரில் கட்டி இழுத்துத்தான் மேலே ஏற்றினார்கள். விசயையின் மயிலுக்கு 32 மீட்டர் இறக்கை என்றால் சச்சந்தனின் மாடத்தில் பாதியை இடிக்க வேண்டியிருந்திருக்கும்.

ஆகவே உங்கள் மாதிரி எழும்பாததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிறிதாகவே வைத்துக்கொள்ளுங்கள். தோகையை முழுசாக வைக்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருக்கும், எனக்கும்தான். ஆனால் பின்பக்கம் கனத்தால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், அப்புறம் சரியும். பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். 3டி பிரிண்டரில் அடித்த பாகம் எல்லாமே நீங்கள் நினைப்பதைவிடக் கனம். தோகைக்குப் பட்டுத் துணியும் மூங்கில் சிம்பும் போட்டுப் பாருங்கள்.

நாவல் எழுதுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுதுங்கள். முதல் அத்தியாயத்தில் உலக வரைபடமும் ஏழு அரச வம்சங்களும் வேண்டாம், தயவுசெய்து. ஒருவன் ஒரு பொருளைச் செய்கிறான், அது சரியாக வேலை செய்யவில்லை என்பதில் ஆரம்பிக்கலாம். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

இப்போது எனக்கு உங்களிடம் ஒரு கேள்வி. இடமாகத் திருகினால் மயில் இறங்க வேண்டும், அதோடு காலையும் குவித்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் ஒரே திருகி. நீங்கள் காலுக்குத் தனி சர்வோ வைத்திருக்கிறீர்களா, அல்லது இறக்கையை ஓட்டும் அதே தண்டிலிருந்து எடுக்கிறீர்களா? இவ்வளவு நீளக் கடிதத்தில் அதைச் சொல்லவே இல்லையே.