கதை எல்லாருக்கும் தெரியும், மகள்

கேள்வி: உயர்தரத்தில் தமிழ் படிக்கிறேன். சிலப்பதிகார வழக்குரை காதையில் கண்ணகியின் பாத்திரம் பற்றி நான் எழுதிய கட்டுரையில், நடுப் பந்திகளுக்குப் பக்கத்தில் 'கதை சொல்லாதே' என்று டீச்சர் சிவப்புப் பேனையால் எழுதிவிட்டார். நாலு மேற்கோளும் போட்டிருந்தேன். வேறு எப்படித்தான் எழுதுவது?
- ஒரு மாணவி, தம்பிலுவில்

பதில்: தம்பிலுவில் பிள்ளைக்குக் கண்ணகி கதையைச் சொல்லாமல் இருப்பது கஷ்டம்தான். உங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில் அவள் கதையான வழக்குரை பாடும்போது, தெரிந்த கதையைத்தான் ஊரே முதலிலிருந்து திரும்பக் கேட்கிறது. ஆனால் விடைத்தாள் திருத்துபவர் அதற்காக உட்காரவில்லை. அந்தக் கதையில் உங்கள் கண்ணுக்கு என்ன பட்டது என்பதற்குத்தான் புள்ளி.

பந்தியின் முதல் வசனத்தில்தான் சிக்கலே. 'கண்ணகி துணிவுள்ளவள்' என்று தொடங்கினால் யாரும் மறுக்கப் போவதில்லை, அதனால் நிறுவவும் ஒன்றும் இல்லை, பிறகு அவள் அரண்மனைக்குப் போனாள், சிலம்பை உடைத்தாள் என்று கதைதான் ஓடும். அதற்குப் பதிலாக 'வழக்குச் சொல்ல வந்த கண்ணகியே அந்த அவையில் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறாள்' என்று எழுதிப் பாருங்கள். அப்படியா, எங்கே என்று வாசிப்பவர் கேட்பார். அந்த 'எங்கே'க்கு விடைதான் பந்தியின் மிச்சம்.

'தேரா மன்னா' என்ற இரண்டு சொல்லே போதும். தேரா என்றால் ஆராயாத. சிலம்பு இன்னும் உடையவில்லை, சாட்சி ஒன்றும் வெளியே வரவில்லை, விளிக்கும்போதே அரசன் விசாரிக்காமல் கொன்றவன் என்று முடித்துவிடுகிறாள். உடனே புருஷன் பெயரைச் சொன்னாளா? இல்லை. புறாவின் துயர் தீர்த்தவனையும், பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவனையும் முதலில் சொல்லி, அப்படிப்பட்டவர்களின் புகார்தான் என் ஊர் என்கிறாள். கண்ணகி என்ற பெயர் எல்லாவற்றுக்கும் பிறகுதான் வருகிறது. பாண்டியனை அளக்கும் கோலை முதலில் வைத்துவிட்டுத்தான் தன் வழக்குக்கு வருகிறாள் என்று நீங்கள் எழுதினால், அதுதான் ஆராய்வு. அதோடு அந்தப் பந்தியை விட்டுவிடுங்கள். முத்தா மாணிக்கமா என்ற சிலம்புப் பரல் விஷயத்தையும் இதற்குள்ளேயே திணிக்க வேண்டாம், அதற்கு வேறு பந்தி.

அரசன் தன் வாயாலேயே 'யானே கள்வன்' என்பதை மூன்றாம் பந்திக்கு வையுங்கள். முதலில் கண்ணகி சொன்ன தீர்ப்பை இப்போது அவனே தனக்குச் சொல்லிக்கொள்கிறான் என்று தொடங்கினால், பழைய பந்தியோடு முடிச்சு தானாக விழும், 'அடுத்ததாக', 'மேலும்' எல்லாம் தேவைப்படாது.

மேற்கோள் எத்தனை என்பது பெரிய விஷயமே இல்லை. நானும் உயர்தரத்தில் பாடமாக்கிய அடிகளையெல்லாம் கொட்டிவிட்டு வந்தவன்தான், எந்தச் சொல்லுக்காக அந்த அடியை எடுத்தேன் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை, புள்ளியும் அந்த இலட்சணத்தில்தான் வந்தது.

சரி, அடுத்த கட்டுரையை முழுதாக எழுதி முடிக்க முன்னம், பந்திகளின் முதல் வசனங்களை மட்டும் கொப்பியில் எழுதி வாசியுங்கள். கதைச்சுருக்கம் மாதிரிக் கேட்டால் அழித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். பிறகு டீச்சரிடம் காட்டுங்கள், மூன்று வசனம் பார்க்க அவருக்கு இரண்டு நிமிடம் போதும்.