சீசன் யாருக்கு?

கேள்வி: ஸ்காட்லாந்தில் விவசாய வேலையை ஒட்டி 'கோடை', 'குளிர்காலம்' என்று பெயர் போட்டு சிங்கிள் மால்ட் விஸ்கி வருகிறதாமே? விஸ்கிக்கும் சீசன் உண்டா? கோடை பாட்டிலில் கோடை ருசிக்குமா?
- ஒரு வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: சீசன்! குற்றாலத்துக்கு உண்டு, சபாக்களுக்கு உண்டு, மின்சார ரயிலுக்கு டிக்கெட்டாகவே உண்டு. எங்கள் விளம்பரப் பிரிவைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் உண்டு. ஒரு தீபாவளி மலரில் 'சீசன் ஸ்பெஷல்' என்று இரும்பு பீரோ விளம்பரம் வந்தது. பீரோ எந்த மாதம் காய்க்கும் என்று கேட்டேன். அன்றிலிருந்து விளம்பர மேலாளர் என்னோடு டீ குடிக்க வருவதில்லை.

குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் சீசன். ஸ்காட்லாந்தின் பழைய வடிசாலைகளில் தண்ணீர் குறைந்தால் ஒரு சீசன். கோடையில் ஓடை இளைத்துவிடும். ஆட்களும் வயலுக்கோ பீட் என்னும் கரிமண் வெட்டவோ போய்விடுவார்கள். அடுப்பை அணைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். இதற்கு 'மௌன சீசன்' என்று பெயர். சும்மா இருப்பதற்கு இத்தனை கௌரவமான பெயர் வைத்தவர்கள் மேல் எனக்குப் பொறாமை.

நீங்கள் கேள்விப்பட்டது ஃபைஃப் பகுதியிலுள்ள டாஃப்ட்மில் வடிசாலையாக இருக்கும். கத்பர்ட் குடும்பத்துப் பண்ணை. பழைய மாவு ஆலைக் கட்டடத்தில் 2005-இல் வடிக்கத் தொடங்கினார்கள். பக்கத்து ஓடை மேட்டைப் பார்த்து ஓடுவதுபோல் தோன்றுமாம். அதனால் அதற்குப் 'பித்து ஓடை' என்று பெயர் ('டாஃப்ட்' என்றால் பித்து), ஆலைக்கும் அதே பெயர். வசந்தத்தில் பார்லி விதைப்பு, ஆகஸ்ட் வாக்கில் அறுவடை, நடுவில் உருளைக்கிழங்கு, மாடுகள். கை ஓய்வது நடுக்கோடையில் கொஞ்ச நாள், குளிர்காலத்தில் கொஞ்ச நாள். அப்போதுதான் வடிப்பு. பார்லி சொந்த வயலில் விளைந்தது. வடித்த சக்கை சொந்த மாட்டுக்கு. ஆக, பாட்டிலில் 'கோடை' என்று போட்டிருந்தால் அது ருசியின் பெயரல்ல. குடியானவனுக்கு எப்போது ஒழிந்தது என்பதற்கான சாட்சி.

ருசிக்குமா என்றால்: சட்டப்படி ஓக் பீப்பாயில் 3 ஆண்டு கிடந்தால் போதும், ஸ்காட்ச் ஆகிவிடும். இவர்கள் முதல் பாட்டிலை விற்றதே 2018-இல். அதற்குள் அந்தப் பீப்பாய் பன்னிரண்டு கோடையையும் அத்தனை குளிரையும் பார்த்துவிட்டது. இதில் எந்தக் கோடையை நாக்கு கண்டுபிடிக்கும்? வடிக்கும்போது எழும் ஆவி குளிர்காலத்துச் சில்லென்ற தண்ணீரால் குளிர்ந்து சாராயமாக இறங்கும் விதம் வேறு, அதனால் சாராயத்தின் குணம் ஓரளவு மாறலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'ஒவ்வொரு மிடறிலும் வசந்த வயல்' என்று எழுதுகிறவர் நம் பீரோ ஆசாமிக்குப் பங்காளி.

மேலே 'பார்லி' என்று எழுதியதற்கு எங்கள் பிழைதிருத்துநர் முறைக்கிறார். 'வாற்கோதுமை' என்று எழுத வேண்டுமாம். ஐயா, வால் இருக்கிறது, கோதுமைதான் இல்லை. எட்டு வருடச் சண்டை இது. விஸ்கி உலகில் 'சிங்கிள்' என்றால் ஒரே வடிசாலையில் வடித்தது, 'மால்ட்' என்றால் முளைகட்டிய பார்லி என்று பொருள் சொன்னேன். உடனே 'ஒற்றை முளைத்தேறல்' என்று சீட்டு எழுதி என் மேஜையில் வைத்துவிட்டார். முதலில் கீழே டீக்கடைக்குப் போய் 'ஒற்றைத் தேநீர்' வாங்கிக்கொண்டு வரட்டும். அச்சேற்றுகிறேன்.