பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து வாங்குகிறோம். ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும், பிறகு எங்கே சிக்கல் வரும்?

சண்டை இல்லை, இருவருக்கும் சம்மதம், கூட்டுக் கடனில் ஒரு ஃபிளாட், ஏழு வயதுக் குழந்தை என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் நடந்த திருமணம் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

13பி பிரிவில் மனுப் போட, குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். தனித்தனி வீடு கட்டாயமில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் போதும். மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து 6 மாதத்துக்குப் பிறகு, 18 மாதத்துக்குள் இரண்டாவது முறை இருவரும் ஆஜராகிச் சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்து, ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசி முடித்து, சமரசத்துக்கு வழியில்லை என்றால் இந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது நீதிபதியின் விருப்புரிமை. "முதல் வாய்தாவிலேயே முடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

பெரும்பாலான கோளாறு இந்த ஆறு மாத இடைவெளியில்தான் பிறக்கிறது. தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். முழுத் தொகையையும் முதலிலேயே வாங்கிக்கொண்ட மனைவி இரண்டாவது முறை வராமல் போனதும் உண்டு. கையெழுத்துப் போட்டுக்கொடுத்த பிறகு ஒரு ரூபாய்கூட வராமல் மனைவி நின்றதும் உண்டு. ஆகவே எவ்வளவு என்பதோடு எந்த நாளில், எதற்கு எதிராக என்பதையும் எழுதுங்கள். பாதித் தொகை முதல் முறை ஆஜராகும் நாளில், மீதி இரண்டாம் முறை, நீதிபதி முன்னிலையில் டிடியாக. டிடி எண் வாக்குமூலத்தில் ஏற வேண்டும். ரொக்கம் வேண்டவே வேண்டாம்.

கணவரோ அவர் வீட்டாரோ கொடுமைப்படுத்தினார்கள் என்ற 498ஏ (2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவு) புகார் இருந்தால், விவாகரத்தோடு அது தானாக முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்ய மனுப் போட வேண்டும். அதற்குப் புகார் கொடுத்தவரின் பிரமாணப் பத்திரம் தேவை. இப்படிப் புகார் இருந்தால் மட்டும், கடைசித் தவணையை வழக்கு ரத்தாகும் நாளோடு கட்டிவைத்தால் இருபக்கமும் நிம்மதி.

இனி ஃபிளாட். தீர்ப்பில் "வீடு மனைவிக்கு, இஎம்ஐ கணவர் கட்டுவார்" என்று எழுதினால் அது உங்கள் இருவரை மட்டுமே கட்டும், வங்கியைக் கட்டாது. அவர் மூன்று மாதம் கட்டாவிட்டால் இருவரின் சிபில் மதிப்பெண்ணும் சரியும், நோட்டீஸ் இருவருக்கும் வரும். கடனை ஒருவர் பெயருக்கு மாற்ற வங்கி சம்மதிக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். வங்கி அவர் ஒருவரின் வருமானத்தைத்தான் பார்க்கும். சம்மதிக்காவிட்டால் வேறு வங்கிக்கு மாற்றுவது அல்லது விற்றுக் கடனை அடைத்து மீதியைப் பிரிப்பது, இவ்வளவுதான் வழி. விற்பதே சுத்தமான வழி என்பது என் கருத்து.

ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுப்பதானால் விடுதலைப் பத்திரத்தைத் தீர்ப்புக்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை குறைவு. தீர்ப்பு வந்த மறுநாள் நீங்கள் ஒருவருக்கொருவர் குடும்பத்தார் இல்லை. வருமான வரிச் சட்டத்திலும் கணவன் மனைவியாக இருக்கும்வரைதான் நீங்கள் ஒருவருக்கொருவர் 'உறவினர்' (உறவினரிடமிருந்து இலவசமாகக் கிடைக்கும் சொத்துக்கு வரி இல்லை). "பிரிந்து வாழும் ஒப்பந்தத்தின்படி" இந்த மாற்றம் என்ற வரி பத்திரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டின் வாடகை, விட்டுக்கொடுத்தவரின் வருமானத்தில் சேரும் நிலை வரலாம். பதிவு முடிந்ததும் சொத்து வரி, மின் இணைப்புப் பெயர்களையும் மாற்றுங்கள்.

நகை விஷயத்தில் 'சீதனம் அனைத்தும் பெற்றுக்கொண்டேன்' என்ற ஒரு வரி போதாது. ஒவ்வொன்றையும் கிராம் கணக்கில் எடை போட்டு, புகைப்படத்தோடு பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். கூட்டு லாக்கர் இருந்தால் ஒன்றாகப் போய்க் காலிசெய்து மூடுங்கள்.

குழந்தை பற்றிய பத்திதான் மிக விரிவாக இருக்க வேண்டும், நடைமுறையில் அதுதான் மூன்று வரியில் முடிகிறது. "தந்தை மாதம் இருமுறை பார்க்கலாம்" என்பது சண்டைக்கு அழைப்பு. எந்த வாரம், எத்தனை மணிக்கு, எங்கே ஒப்படைப்பது? இப்படி எழுதலாம்: ஒன்றாவது, மூன்றாவது சனி காலை 10 மணிக்குத் தாய் வீட்டு வாசலில் அழைத்துக்கொண்டு ஞாயிறு மாலை 6 மணிக்குக் கொண்டுவந்து விடுவது, வாரம் இருமுறை இரவு 7.30க்கு வீடியோ கால். கோடை விடுமுறையில் பாதி. தீபாவளி ஓராண்டு இங்கே, மறு ஆண்டு அங்கே. காய்ச்சலால் ஒருமுறை தவறினால் அடுத்த வாரம் ஈடு. பாஸ்போர்ட், வெளிநாட்டுப் பயணக் கையெழுத்தை எத்தனை நாளில் தர வேண்டும் என்பதும் வரட்டும்.

'கல்விச் செலவு தந்தையுடையது' என்றால் வேன், டியூஷன், கல்லூரி சேருமா? சேரும் என்றால் எழுதுங்கள். கட்டணம் பள்ளிக் கணக்குக்கே நேரடியாகப் போகட்டும். மாதத் தொகைக்கு 5ஆம் தேதி என்று கெடு, ஆண்டுக்கு இத்தனை சதவீதம் உயர்வு என்று ஒரு வரி. குழந்தைக்கான பராமரிப்பைத் தாய் "வேண்டாம்" என்று எழுதிக்கொடுத்தாலும் குழந்தையின் உரிமை போகாது. குழந்தையின் நலன் மாறினால் இந்த ஏற்பாடுகளை நீதிமன்றம் பின்னர் மாற்றவும் செய்யும்.

மனைவிக்கான ஜீவனாம்சத்தை மொத்தமாகத் தருவதா மாதாமாதமா? மொத்தத் தொகைக்குப் பொதுவாக வரி இல்லை, மாதத் தொகை வாங்குபவரின் வருமானமாகக் கணக்கிடப்படும். கொடுப்பவருக்கு இரண்டிலும் வரிக் கழிவு கிடையாது.

தீர்ப்பு நாளன்றே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள், குறைந்தது நான்கு பிரதி: பாஸ்போர்ட், வங்கி, அலுவலகம், ஒன்று கையில். சம்மதத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. போட்டியிட்ட வழக்கானால் மேல்முறையீட்டுக் காலம் முடியாமல் மறுமணம் செய்யாதீர்கள்.

அடுத்தது நாமினி. பிஎஃப், எல்ஐசி, டீமேட், வங்கி வைப்பு எதிலும் விவாகரத்தால் பெயர் தானாக நீங்காது. ஆயுள் காப்பீட்டில் மனைவி அல்லது கணவரை நாமினியாகப் போட்டிருந்தால் பணத்துக்கே அவர் உரிமையாளர் ஆகலாம் என்பதால் அதை முதலில் மாற்றுங்கள். இந்துக்கள் எழுதிய உயிலும் விவாகரத்தால் ரத்தாகாது, புதிதாக எழுதுங்கள். துணைவரின் அலுவலக மருத்துவக் காப்பீட்டில் இருந்தவர், அது நிற்கும் முன்பே தனி பாலிசி எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம் என்பதால், தீர்ப்பு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் அந்தக் கணக்கு அத்தனை மாதம் தாமதமாகத்தான் தொடங்கும்.