துருக்கியில் 3.8 லட்சம், திருவனந்தபுரத்தில் 9.6 லட்சம்: யாரிடம் கேட்பது?

கேள்வி: களியக்காவிளையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். என் மனைவிக்கு வயது 39, உயரம் 158 செ.மீ., எடை 104 கிலோ இருந்தது. எடை குறைப்பு ஆபரேஷனுக்கு (ஸ்லீவ்) திருவனந்தபுரத்தில் 5.2 லட்சம் சொன்னார்கள். கேரளப் பக்கம் பாறசாலையில் ஆபீஸ் வைத்திருந்த ஏஜென்ட், இஸ்தான்புல்லில் டிக்கெட், ஹோட்டல், ஆபரேஷன் எல்லாம் சேர்த்து 3.8 லட்சம் என்றார். 1.8 லட்சத்தை இரண்டு தவணையாக ஜிபேயில் அனுப்பினேன். பாக்கி 2 லட்சத்தை ஷார்ஜாவில் இருக்கும் மச்சான் குழல்பணமாக (வங்கி வழி இல்லாமல், ஹவாலாவில்) ஏஜென்ட் கையில் சேர்த்தார். ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் விமானம் ஏற்றிவிட்டார்கள். ஊர் வந்து மூன்றாம் நாள் காய்ச்சல், மூச்சுவாங்கல். திருவனந்தபுரத்தில் 19 நாள் கிடந்தாள், பில் 9.6 லட்சம். இன்சூரன்ஸ் கம்பெனி தர மறுத்துவிட்டது. ஏஜென்ட் 2.5 லட்சம் தருகிறேன், எழுதிக் கொடு என்கிறார். துருக்கி டாக்டர், அதிகமாக பில் போட்ட ஆஸ்பத்திரி, ஏஜென்ட், இன்சூரன்ஸ் எல்லார் மேலும் 50 லட்சம் கேட்டு வழக்குப் போட வேண்டும், ஏஜென்ட்டை உள்ளே தள்ள வேண்டும். நடந்து 14 மாதம் ஆகிறது.

பதில்: நீங்கள் எழுதியது நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அதில் மூன்று பக்கம், அந்த டாக்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை, மொழிபெயர்க்க வந்த பெண் பாதியில் போய்விட்டாள், கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் குத்திப் பேசினார்கள் என்பதுதான். வருத்தமான விஷயம், சரி. வழக்குக்கு அதில் ஒன்றும் தேறாது. தேறுவது மூன்றாம் பக்கத்தின் அடியில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: ஏஜென்ட் உங்களுக்கு அனுப்பிய 41 விநாடி வாய்ஸ் மெசேஜ். "எந்து வந்நாலும் செலவு ஞங்ஙள் நோக்கிக்கோளாம் சேட்டா." என்ன வந்தாலும் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று இந்தியாவில் உட்கார்ந்து, இந்திய வங்கிக் கணக்கில் பணம் வாங்கிய ஒருவர் சொல்லியிருக்கிறார். உங்கள் வழக்கு அவ்வளவுதான். துருக்கி டாக்டர் சரியாகத் தைத்தாரா இல்லையா என்பது அல்ல.

துருக்கி டாக்டரை மறந்துவிடுங்கள். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குழாய் மாதிரி கிளிப் அடிப்பது. அந்தக் கிளிப் வரிசையில் கசிவு வருவது நல்ல கைகளிலும் நடக்கிற ஒன்று, ஒப்புதல் படிவத்தில் அச்சடித்தே இருக்கும், உங்கள் மனைவி அதில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். கசிவு வந்தது என்பதாலேயே அலட்சியம் ஆகிவிடாது. ஐந்தாம் நாள் நாடித்துடிப்பு ஏறியிருந்தும் விமானம் ஏற்றினார்களா என்பது நியாயமான கேள்விதான், ஆனால் அதை நிரூபிக்க வேண்டிய தாள்கள் இஸ்தான்புல்லில் இருக்கின்றன. நாகர்கோவிலில் வாங்கிய உத்தரவை அங்கே கொண்டுபோய் ஒரு லிரா வசூலித்த கட்சிக்காரரை நான் பார்த்ததில்லை.

திருவனந்தபுரம் ஆஸ்பத்திரி மேல் உங்களுக்கு இருக்கும் கோபத்தையும் விடுங்கள். கேரளத்தில் 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆஸ்பத்திரிகள் கட்டண விவரத்தை வெளியே தெரியும்படி வைக்க வேண்டும் என்று இருக்கிறது, இனவாரியான பில் கேட்டு வாங்குங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐசியூ, ஸ்டென்ட், வயிற்றில் சீழ் வடிய டியூப், வாரக்கணக்கில் குழாய் வழி உணவு என்றால் பில் அப்படித்தான் ஏறும். அதைவிட முக்கியம், "வெளிநாட்டில் செய்த ஸ்லீவில் கசிவு" என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கும் அந்த டாக்டர்தான் உங்களுக்கு இருக்கும் ஒரே நல்ல சாட்சி. அவரையே எதிர்மனுதாரர் ஆக்கினால் யாரை வைத்து நிரூபிப்பீர்கள்?

அப்புறம் செலவுக் கணக்கு. 5.2-க்கும் 3.8-க்கும் நடுவில் 1.4 லட்சம் மிச்சம் என்று போட்டீர்கள். பேக்கேஜ் விலை என்பது ஒன்றும் கெடாமல் எல்லாம் நடந்தால் ஆகும் விலை, உள்ளூரிலும் அப்படித்தான், வெளிநாட்டிலும் அப்படித்தான். வித்தியாசம், உள்ளூரில் கெட்டால் வெட்டியவரே பக்கத்தில் இருப்பார், உங்கள் பாலிசியும் வேலை செய்யும். உடல் பருமன் ஆபரேஷனுக்கு அநேகமாக எல்லா ஹெல்த் பாலிசியிலும் ஒரே மாதிரி ஒரு விலக்குப் பிரிவு, அதாவது செலவைத் தர மாட்டோம் என்ற பிரிவு, உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும், பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல் மாதிரி நோய் இருக்க வேண்டும். இதெல்லாம் பொருந்தினால் அந்த விலக்கு பொருந்தாது. 104 கிலோவும் 158 செ.மீ.யும் சேர்ந்தால் பிஎம்ஐ 41-ஐத் தாண்டும். பாலிசி எடுத்து நான்கு வருடமும் ஆகியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆக காத்திருப்புக் காலமும் பெரும்பாலும் முடிந்திருக்கும். திருவனந்தபுரத்திலேயே செய்திருந்தால் அந்த 5.2 லட்சத்தில் பெரும்பகுதி கம்பெனி தலையில் போயிருக்கும். இதைச் சொல்லி இப்போது பயனில்லை, ஆனாலும் இன்னும் இதே யோசனையில் இருக்கிறவர்கள் படிப்பார்களே என்றுதான் எழுதுகிறேன்.

அதே பிரிவு உங்களுக்கும் ஒரு வாசல் திறக்கிறது. கம்பெனி கடிதத்தில் "விலக்கப்பட்ட சிகிச்சையின் பின்விளைவு" என்றுதானே இருக்கிறது? அளவுகோலுக்குள் வரும் ஆபரேஷன் விலக்கப்பட்டதே இல்லை, நாங்கள் கேட்பது துருக்கி பில்லும் இல்லை, இந்தியாவில் படுத்திருந்த 19 நாளைக்கான பில் என்று வாதாட இடம் உண்டு. ஜெயிக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் ஆட்சேபம், அவர்கள் மறுபடி மறுத்தாலோ ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர். 50 லட்சம் வரை அவர் பார்ப்பார், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் அதே விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் நடந்துகொண்டிருந்தால் கை வைக்க மாட்டார். அதனால்தான் எல்லாரையும் ஒரே மனுவில் கட்டிப்போடாதீர்கள் என்கிறேன்.

இனி நான் உண்மையில் பயப்படும் இடம். உங்கள் கேஸைக் கெடுக்கப் போவது ஏஜென்ட்டின் வக்கீல் இல்லை, உங்கள் பக்கத்திலேயே இருக்கும் இரண்டு விஷயம்.

முதலாவது, மனைவியைத் திருவனந்தபுரத்தில் சேர்த்த ராத்திரி கேஷுவாலிட்டியில் உங்கள் அம்மா சொன்னது. வெட்கப்பட்டுக்கொண்டு "பித்தப்பை ஆபரேஷன் செஞ்சது" என்றார், டியூட்டி டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். மூன்று மணி நேரம் கழித்து சிடி ஸ்கேனில் கிளிப் வரிசையைப் பார்த்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. இந்த மூன்று மணி நேரப் பொய்யை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன், எடை குறைப்பு ஆபரேஷன் என்றால் ஊருக்கு மறைப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கம்பெனி அந்த ஒரு தாளை எடுத்து "தகவலை மறைத்தார்கள்" என்று சொல்லும், ஏஜென்ட் "தாமதத்துக்கு அவர்களே காரணம்" என்பார். அதைத் திருத்தச் சொல்லி ஆஸ்பத்திரியில் யாரையும் பிடிக்காதீர்கள், திருத்தினால்தான் நிஜமாகவே மாட்டுவீர்கள். மொத்த ரெக்கார்டையும் கேட்டு மனுக் கொடுங்கள், 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. அதே இரவு உண்மையைச் சொல்லி, அதே இரவு சர்ஜன் எழுதிக்கொண்ட குறிப்பு அதில் இருக்கும். பிரமாண வாக்குமூலத்தில் இரண்டையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, குழல்பணம். நம் ஊரில் இது பால் வாங்குவது மாதிரி சர்வசாதாரணம், பைக்கில் ஒரு பையன் வருவான், ரூபாய் நோட்டு நம்பரைக் காட்டுவான், எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவான். ஆனால் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தில் இது மீறல், அபராதம் தொகையின் மூன்று மடங்கு வரை போகலாம். மேல்புறம் ஊர்க்காரர் ஒருவர் வேறொரு விவகாரத்தில் இதே மாதிரி வந்த பணத்தை "என் சேமிப்பிலிருந்து ரொக்கமாகக் கொடுத்தேன்" என்று சத்தியம் செய்து எழுதிவிட்டார். குறுக்கு விசாரணையில் வந்தது ஒரே கேள்வி: எந்த வங்கியில் என்றைக்கு எடுத்தீர்கள்? அதோடு அவர் சொன்ன மற்ற உண்மைகளையும் யாரும் நம்பவில்லை. நீங்கள் 1.8 லட்சத்தை மட்டும் நிரூபியுங்கள், அந்த 2 லட்சத்தை மனுவில் கேட்காதீர்கள். கூண்டில் நேராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். வாங்கியவருக்கும் இதே பயம் உண்டு, அதனால் அவர் அதைக் கிளறுவது சந்தேகம். அதற்காக "அமலாக்கத்துறைக்கு எழுதுவேன்" என்று அவரை மிரட்டிவிடாதீர்கள், மிரட்டிப் பணம் பறித்தார் என்று உங்கள் மேல் புகார் வரும்.

போலீஸ் விஷயமும் இப்படித்தான். ஏமாற்று வழக்குக்கு ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். அவர் கூட்டிக்கொண்டு போனார், ஆபரேஷன் நடந்தது, பின்னால் வாக்கு மாறினார். பாறசாலை ஸ்டேஷன் களியக்காவிளைக்கு அனுப்பும், களியக்காவிளை பாறசாலைக்கு அனுப்பும், ஆறு மாதம் கழித்து யாரோ ஒரு எஸ்.ஐ. முன்னால் ஒரு லட்சத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருவீர்கள். நுகர்வோர் வழக்குக்குக் கெடு இரண்டு வருடம், போலீஸில் மனு நிலுவையில் இருந்தது என்று அது நின்று காத்திருக்காது. உங்களுக்கு மிச்சம் பத்து மாதம்.

ஆக, சமரசம்தான் என் யோசனை. கசப்பாக இருக்கும், தெரியும். 2.5 லட்சத்துக்கு உடனே தலையாட்ட வேண்டாம், 4 லட்சத்துக்குப் பக்கத்தில் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் முத்திரைத்தாளில் அவர் எழுதி வைத்திருப்பதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முதலில் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் மனுவைத் தாக்கல் செய்யுங்கள். 2019 நுகர்வோர் சட்டத்தில் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், திருவனந்தபுரம் பக்கம் அலைய வேண்டாம். கொடுத்த தொகையை வைத்துத்தான் எந்த ஆணையம் என்று பார்ப்பார்கள், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. மனு விழுந்த பிறகு அங்கேயே மத்தியஸ்தம் கேட்கலாம், அங்கே பேசி முடித்தால் அது ஆணையத்தின் உத்தரவாகவே வரும், அவர் பணம் கட்டாவிட்டால் ஜெயில் வரை போகலாம். வெளியே எழுதிய தாளுக்கு அந்தப் பலம் இல்லை.

வாசகத்தில் ஒரு இடம் பாருங்கள். "இது தொடர்பாக யாரிடமும் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதியிருப்பார்கள். அந்த "யாரிடமும்" அடிக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி அதையே எடுத்து நீட்டும். ஏஜென்ட்டின் பெயரைப் போட்டு, அவரிடம் மட்டும் கோரிக்கை இல்லை என்று எழுதச் சொல்லுங்கள். பின்தேதி செக் வேண்டாம், பணம் கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்து.

வாய்ஸ் மெசேஜ் இருக்கும் அந்தப் பழைய போனை மகனுக்குக் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அதை இன்றே வாங்கி அணைத்து வையுங்கள். ரீசெட் செய்யக் கூடாது, வாட்ஸ்அப்பை வேறு போனுக்கு மாற்றக் கூடாது. மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் தர வேண்டியிருக்கும், மலையாளப் பேச்சை எழுத்தில் இறக்கி மொழிபெயர்க்கவும் வேண்டும். குழித்துறையில் என்னைப் பார்க்க வரும்போது போனையும் அதன் சார்ஜரையும் எடுத்து வாருங்கள், பழைய பின் சார்ஜர் என் ஆபீஸில் இல்லை.