அசுவினிக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாமா?

கேள்வி: தட்டைப்பயறு பூக்கும் நேரத்தில் கொழுந்திலும் பிஞ்சிலும் கறுப்பு அசுவினி அப்பிக்கிடக்கிறது. மருந்து அடித்தால் ஒரு வாரம் அடங்குகிறது, மறுபடி வந்துவிடுகிறது. இலைமேல் வெள்ளையாகச் சிதறிக் கிடப்பது அதன் முட்டைதானே? இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் கட்டுப்படுமா? இன்னொன்று, மண்புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகுமாமே, உரக்குழியில் அப்படிப் பெருக்கலாமா?

பதில்: பொறிக்குப் பணம் செலவழிக்காதீர்கள். அந்தப் பொறி பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை இழுத்துப் பிடிப்பது. உங்கள் வயலில் இருக்கும் அசுவினியில் பிடிப்பதற்கு ஆணே இருக்காது. அத்தனையும் பெண்.

வெப்பமான காலத்தில் அசுவினி இணைசேர்வதே இல்லை. தாயின் வயிற்றில் கருவுறாத முட்டை அப்படியே வளர்ந்து, உயிருள்ள குட்டியாக வெளியே வருகிறது. அதுவும் பெண்தான், தாயின் மறுபதிப்பு. அந்தக் குட்டி பிறக்கும் முன்பே அதன் வயிற்றில் அடுத்த கரு வளரத் தொடங்கியிருக்கும். தாய், மகள், பேத்தி மூவரும் ஒரே உடம்புக்குள்! 1740இல் ஜெனீவாவின் இயற்கை ஆய்வாளர் சார்லஸ் போனே, பிறந்த குட்டி ஒன்றை வேறு அசுவினி நெருங்காமல் தனியே அடைத்து வளர்த்துப் பார்த்தார். அது 95 குட்டிகள் போட்டது. குளிர் நாடுகளில் மட்டும் பகல் குறுகும் பருவத்தில் ஆணும் பிறந்து, இணைசேர்ந்து, முட்டையாகக் குளிர்காலத்தைக் கடக்கும்.

ஆக நீங்கள் பார்த்த வெள்ளை முட்டை அல்ல, குட்டிகள் வளரும்போது உரித்துப்போட்ட சட்டை. அது நிறையக் கிடந்தால் கூட்டம் வேகமாகப் பெருகுகிறது என்று பொருள்.

ஒன்று 50 குட்டி போடுவதாக வைத்துக்கொள்வோம். எதுவும் சாகாவிட்டால் இரண்டாம் தலைமுறையில் 2,500, மூன்றாவதில் 1,25,000. நல்ல வெயிலில் ஒரு குட்டி தாயாக ஒரு வாரம் போதும். வயலில் இந்தக் கணக்கு பலிக்காமல் தடுப்பது பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவியும்தான். நீங்கள் அடிக்கும் மருந்தில் அவையும் சாகின்றன. பொறிவண்டு இணைசேர்ந்து, முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகித் திரும்பி வருவதற்குள் தப்பிய ஒன்றிரண்டு அசுவினி கொழுந்தை மூடிவிடும். மருந்துக்குச் சாகாத ஒன்று தப்பினால் அதன் வாரிசு முழுக்க அந்த மருந்துக்குச் சாகாது. அதனால் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பதை முதலில் நிறுத்துங்கள்.

பாதிப்பு சில செடிகளில்தான் என்றால் அந்தக் கொழுந்துகளைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பரவியிருந்தால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு. லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடியுங்கள். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

அடிப்பதற்கு முன் கூட்டத்தை உற்றுப் பாருங்கள். உப்பி, நிறம் வெளுத்து, அசையாமல் ஒட்டியிருப்பவை நிறைய இருந்தால் தெளிக்கவே வேண்டாம். குளவி உள்ளே முட்டை வைத்து வேலையை ஆரம்பித்துவிட்டது. (அந்தக் குளவியில் கதை தலைகீழ்: கருவுறாத முட்டை ஆணாகப் பிறக்கும்.)

யூரியாவைக் குறையுங்கள். தழைச்சத்து கூடிய இளங்கொழுந்தில் அசுவினி இன்னும் வேகமாகப் பெருகும். மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கலாம், ஆனால் அதில் சிக்குவது கூட்டம் நெருக்கடியானதும் இறக்கை முளைத்துக் கிளம்புபவை மட்டுமே. வரவை அறிய உதவும், அழிக்க உதவாது.

சரி, மண்புழு. வெட்டாதீர்கள். உரக்குழியில் பெரும்பாலும் விடும் சிவப்புப் புழுவான ஐசீனியாவில், தலைப்பக்கத் துண்டு வாலை வளர்த்துக்கொண்டு பிழைக்கலாம். வால் துண்டு பொதுவாகச் செத்துப்போகும். ஒரே புழுவில் ஆண், பெண் உறுப்பு இரண்டும் உண்டு, ஆனாலும் இரண்டு புழு சேர்ந்துதான் கூடு இடும். எலுமிச்சை வடிவில் சிறிதாக இருக்கும் அந்தக் கூட்டிலிருந்து மூன்று வாரம் போல ஆனதும் குஞ்சுகள் வரும். பச்சைச் சாணம் சூடேறும், எனவே பாதி மக்கியதைப் போட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.